நான் திருத்திய ஓட்டுகள்

பத்திரிகை ஆபீசில் புரூஃப் திருத்துகிறவனைத் தேர்தல் வேலைக்குக் கூப்பிடவே கூடாது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, கெடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். மதுரை முனிசிபல் தேர்தலில், வண்டியூர் போகும் வழியில் இருந்த ஒரு வார்டில் என் தாய்மாமன் நின்றார். ஜவுளிக்கடைக்காரர். தெருவுக்குத் தெரு சாக்கடை கட்டித் தருவதாகச் சொன்னார். (அதுவரை தெருவில் ஓடியது பெரும்பாலும் அவர் வீட்டுத் தண்ணீர்தான்.) தம் மகளின் கல்யாண அழைப்பிதழில் தம் பெயருக்குக் கீழே 'முனிசிபல் கவுன்சிலர்' என்று அச்சாக வேண்டும், அதுவரை கல்யாணம் கிடையாது என்பது அவர் வைராக்கியம். மாப்பிள்ளை நான். ஆகவே வார்டின் நலனில் எனக்கும் அக்கறை பிறந்தது.

படிக்காதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். மாமாவுக்கு நீலம். எதிர்த்து நின்ற மண்டிக்காரருக்கு ஊதா, அதாவது கத்தரிப்பூ நிறம். வாக்காளர் மறைப்புக்குள் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நீலத்தை ஊதா என்றுதான் சொல்வார்கள். வானம் ஊதா, பேனா மையும் ஊதா. என் தாயாரே அப்படித்தான் சொல்வார். ஆனால் நான் அச்சுக்கூடத்தில் ஒரு வருஷம் குப்பை கொட்டியவன் அல்லவா?

ஓட்டுப் போடும் நாளன்று மாமா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு (காலையில் மண்டிக்காரர் வீட்டிலும் சாப்பிட்டிருந்தார்கள்) ஒரு கூட்டம் வந்தது. அதற்குத் தலைவர், மூன்று மாட்டுவண்டி வைத்திருந்த இருளப்பன்.

"மாப்ள, ஊதாப் பெட்டிதான?" என்றார்.

எனக்குள் இருந்த புரூஃப்காரன் விழித்துக்கொண்டான். "ஊதால போட்றாதீக அண்ணே. அது எதிராளி பெட்டி. நம்ம பெட்டி நீலம்."

"ஒங்க மாமா ஊதான்னுல்ல சொன்னாரு?"

"மாமாவுக்குத் தமிழ் தெரியாது."

இருளப்பன் சற்று யோசித்தார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, வரிசை நெடுக, ஊதாவில் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் சாயங்காலம் வரை தொண்டை கட்டும்படி அதையே சொன்னேன். ஒரு தமிழ்த் தொண்டு செய்த திருப்தி இருந்தது.

மாமா தோற்றார். சொந்தத் தெருவே கைவிட்டிருந்தது. துரோகம் என்று அவர் கொதித்துக்கொண்டிருந்தபோது இருளப்பன் என்னைப் பார்த்து, அமைதியாகக் கேட்டார்: "மாமாவுக்குத் தமிழ் தெரியாது, ஊதால போடாதன்னு நீதான மாப்ள சொன்ன? உள்ள இருந்ததே ரெண்டு பெட்டி. ஊதாவ விட்டுட்டு அந்தக் கத்தரிப்பூ கலர்ல போட்டோம்."

மாமா என் பக்கம் திரும்பினார். தோல்வியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "எனக்குத் தமிழ் தெரியாதுன்னா சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

கல்யாணப் பேச்சு அடுத்த தேர்தலுக்குத் தள்ளிப்போனது. மூன்று வருஷம். அந்தத் தேர்தலன்று, ஓட்டுப் பெட்டிகளைப் பூட்டி எடுத்துப் போகும் வரை என்னை ஊருக்கு வெளியே கீழக்குயில்குடியில் ஒரு உறவினர் வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். மாமா அமோகமாக ஜெயித்தார்.

என் மனைவி இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறாள்: "இவுக ரெம்பத் தமிழ் படிச்சவுக. அதான் எனக்குக் கல்யாணம் ஆக மூணு வருசம் பிந்திருச்சு."