கண்ணாடிக்காரரின் கரகரப்பு

கண்ணாடிக்காரருக்குப் போன் கம்பெனியைத் திட்டாமல் சோறு இறங்காது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"டவர் வச்சிருக்கானாம் டவர். காக்கா உட்காரத்தான் லாயக்கு."

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதனால் அந்தப் பெயர். அவருடைய வீட்டம்மா முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் துணி தைக்கிறவர். கால் மிதிக்கும், கை தள்ளும், வாய் பேசும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும், தையல் ஒரு நூல் கோணாது.

"சாயந்திரம் போன் பண்ணேனே, என்னாச்சு?"

"பண்ணினியா? எனக்குக் கர்ர்ர்னு மட்டும்தான் கேட்டுச்சு. என்ன சொன்ன?"

"வர்ற வழியில எங்க அக்கா வீட்டுல இருக்கிற பெரிய அண்டாவைத் தூக்கிட்டு வரச் சொன்னேன்."

"அடடா. காதுல விழுந்திருந்தா பறந்து போய்த் தூக்கிட்டு வந்திருப்பேனே."

"விழலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்." வீட்டம்மா அவருடைய சட்டைக் கையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டார். "இது என்னங்க, தினமும்?"

"கண்ணாடி துடைக்கிற பவுடர். இந்தா, உனக்கு பிஸ்கட்."

வீட்டம்மா பாக்கெட்டைப் பிரித்தார். உள்ளே பிஸ்கட் இல்லை, பிஸ்கட் மாவுதான் இருந்தது.

"இதுவும் தினமும் தூளாவே வருது."

"பையில நசுங்கிடுதும்மா."

அந்த அம்மா ஒரு கரண்டி எடுத்து வந்து பிஸ்கட்டைச் சாப்பிட்டார்.

விஷயம் என்னவென்றால், கண்ணாடிக்காரர் கடையை மூடியதும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. பக்கத்துச் சலூனின் பின்னறையில் ஒரு கேரம் போர்டு இருக்கிறது. பவுடர் போட்டு வழுவழுவென்று வைத்திருப்பார்கள். அங்கே ஒரு மணி நேரம் அவர் ராஜா. வெள்ளைக் காய் சொன்னபடி கேட்கும், கறுப்புக் காய் சொன்னபடி கேட்கும், ராணி என்று சொல்கிற சிவப்புக் காய்கூட அவர் காட்டிய குழியில் போய் விழும். வீட்டு ராணியிடம் செல்லாததெல்லாம் அந்த ராணியிடம் செல்லும். அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் அவருக்கு அன்றைக்கு விடிந்ததே வீண்.

ஆனால் சிவப்பு, குழியின் வாயில் நிற்கிற நேரம் பார்த்துத்தான் வீட்டிலிருந்து போன் வரும். அதற்கு அவரே கண்டுபிடித்த வைத்தியம்தான் பிஸ்கட் பாக்கெட். போன் பக்கத்தில் பிடித்து ஒரு கசக்கு.

"ஹலோ... விட்டு விட்டுக் கேக்குது... டவர் இல்ல... ஹலோ..."

வைத்துவிடுவார். சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக எட்டிப் பார்த்துச் சொல்வார்: "அண்ணே, நீங்க கண்ணாடிக் கடையில இருக்க வேண்டிய ஆளே இல்ல. மழை, இடி, ரயில் எல்லாத்துக்கும் நீங்க ஒருத்தர் போதும்."

சொல்கிற பொய்க்கு ஒரு பந்தோபஸ்து வேண்டாமா? அதற்குத்தான் வீட்டில் அந்தத் திட்டு. திட்டித் திட்டி அவருக்கே அந்தக் கம்பெனி மேல் நிஜமாகக் கோபம் வந்துவிட்டது. அங்கேதான் வினை.

ஒரு விடுமுறை நாள் காலையில் வீட்டம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். என் புருஷனை இந்தப் பாடு படுத்தறவங்களைச் சும்மா விடறதா?"

கண்ணாடிக்காரருக்குக் காபி புரையேறியது. "உனக்கு எதுக்கும்மா சிரமம்?"

"உங்களுக்காக இதுகூடச் செய்யலன்னா நான் எதுக்கு இருக்கேன்?"

நம்பரைப் போட்டு, போனை மெஷின் மேல் வைத்துச் சத்தமாகப் பேசவிட்டார். புது இணைப்புக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. புகாருக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்றது ஒரு தேன் குரல்.

"கேட்டீங்களா? முக்கியமாம். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்டுல எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்ல."

பிறகு பாட்டு போட்டார்கள். அந்தத் தாளத்துக்கே மெஷினை மிதித்தார் வீட்டம்மா. பாட்டு முடிவதற்குள் ஒரு தலையணை உறை முடிந்தது. ஆள் வரும்போது லைன் அறுந்தது. மறுபடி போட்டார். மறுபடி முக்கியம், மறுபடி பாட்டு, இன்னொரு உறை. கட்டில் தலையணைக்கெல்லாம் புதுச் சட்டை மாட்டின பிறகு ஒரு பெண் வந்து, போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"போனை அணைச்சாச்சும்மா. புருஷனைத்தான் இன்னும் அணைச்சுப் பாக்கல."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, லைன் மறுபடி அறுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. நன்றி.'

கண்ணாடிக்காரருக்கு அந்தக் கம்பெனியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "விடு, தீர்த்துட்டாங்களாம்."

"யாரும் வரவே இல்ல, எதைத் தீர்த்தாங்க? என் பொறுமையையா?"

மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும் போட்டார். கண்ணாடிக்காரர் கலங்கவில்லை. அந்தக் கம்பெனி எந்த ஜென்மத்தில் ஆள் அனுப்பியிருக்கிறது? அந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார். ஆனால் ஒரு சாயந்திரம் வீட்டம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "நாளைக்குக் காலையில ஆள் வருதாம். சிக்னல் இருக்கா இல்லையான்னு மெஷின் வச்சுப் பாத்துடுவாங்களாம்."

காலையில் கண்ணாடிக்காரர் கடைக்குப் போகாமல் தெருமுனையில் நின்றார். தோளில் பையும் கழுத்தில் அட்டையுமாக ஒருவர் வண்டியை விட்டு இறங்கினார். கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க எங்க வீட்டுக்குத்தான் வர்றீங்க. இங்க சிக்னல் எப்படி?"

கம்பெனிக்காரர் தன் போனைப் பார்த்தார். "ஃபுல்லா இருக்குங்க ஐயா."

"அதை வீட்டுல சொல்லாதீங்க. வீக்குன்னு சொல்லுங்க."

கம்பெனிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சிக்னல் இல்லன்னு அடிக்க வர்றவங்களைப் பாத்திருக்கேன். இருக்கிறதை இல்லன்னு சொல்லச் சொல்றவரை இப்பத்தான் பாக்கறேன்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சுங்க."

"அப்ப உங்களுக்கு நான் விளக்கிச் சொல்லணுமா?"

கம்பெனிக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். வீட்டுக்குள் வந்து, மெஷினைத் தூக்கிப் பிடித்தபடி அறை அறையாக நடந்தார். நாடி பிடித்த வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"வீக்கும்மா. ரொம்ப வீக்."

"எங்க வீட்டுக்காரர் கடைப் பக்கம்?"

"அங்க இன்னும் மோசம்."

கண்ணாடிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "நான் சொன்னா யார் கேக்கறா?" என்றார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி," என்றார் வீட்டம்மா. "இதுக்கு என்ன வழி தம்பி?"

"வீக்கான ஏரியான்னு நாங்க எழுதிக் குடுத்தா, கம்பெனியே ஒரு வயர் போன் இலவசமா போட்டுத் தரும்மா. நீங்க காட்டற இடத்துல மாட்டிட்டுப் போயிடுவேன்."

வீட்டம்மா கணவரைப் பார்த்தார். "எங்கங்க போடலாம்?"

அடுப்படியில் போட்டால் என்ன, அலமாரியில் போட்டால் என்ன. தன் போன் பிழைத்தது, தன் ஒரு மணி நேரம் பிழைத்தது. கண்ணாடிக்காரர் தாராளமாகக் கையை விரித்தார். "உனக்கு எங்க வசதியோ அங்க போட்டுக்கோ."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"என் பேச்சு என்னிக்கு மாறியிருக்கு?"

விசிலடித்துக்கொண்டே கடைக்குப் போனார். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துக் கொடுத்தார்.

சாயந்திரம் சலூனில் ஆட்டம் சூடு பிடித்தது. ராணி குழியின் வாயில் வந்து நின்றாள். ஒரு தட்டுத் தட்டினால் போதும். விரலை மடக்கினார்.

ட்ரிங், ட்ரிங்.

அவருடைய போன் இல்லை. பின்னறைச் சுவரில், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு சிவப்புப் போன் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்ப வந்தது?"

"மத்தியானம் மாட்டிட்டுப் போனாங்கண்ணே. அண்ணிதான் கூட நின்னு இடம் காட்டினாங்க. எடுங்க, உங்களுக்குத்தான்."

"எனக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நம்பர் வேற யாருக்கும் தெரியாதுண்ணே."

கண்ணாடிக்காரர் எழுந்து போய் எடுத்தார். ஒரு கையில் போன். பழகின கை பழகின வேலையைச் செய்தது; மறு கை தானாகப் பையில் நுழைந்து பாக்கெட்டை எடுத்துக் கசக்கியது.

"ஹலோ... விட்டு விட்டுக் கேக்குது... டவர் இல்ல... ஹலோ..."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"ஏங்க, வயர் போனுக்கு ஏதுங்க டவர்?"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார். சலூன்காரர் ஓடிப்போய், யாருமே உட்காராத நாற்காலிக்குத் துண்டு போர்த்த ஆரம்பித்தார்.

"ராணி விழுந்தாச்சா?" என்றார் வீட்டம்மா.

"இன்னும்... இல்ல."

"போட்டுட்டே வாங்க, அவசரமில்ல. வர்ற வழியில அக்கா வீட்டு அண்டா. இப்ப காதுல விழுந்ததா?"

"விழுந்தது."

"அப்புறம், இனிமேலாவது எனக்கு பிஸ்கட்டை முழுசா கொண்டு வாங்க."