துரைசானிக்கு என்ன செய்யுது?

உலகத்தில் எத்தனையோ பேர் ஊசி போட்டும் மாத்திரை கொடுத்தும் வைத்தியம் பார்த்திருப்பார்கள். எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரியின் படத்தை வைத்து ஒரு எஸ்டேட்டுக்கே வைத்தியம் பார்த்தவர் எங்கள் டிரசர் ஒருவர்தான்.

டிரசர் என்றால், டாக்டர் இல்லாத நாட்களில் அவர்தான் டாக்டர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார்; மழை பெய்தால் அதுவும் இல்லை. லுக்குட் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் மழைக்குக் குறைச்சலே கிடையாது. டிரசரின் சொந்தப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஒல்லியான உயரமான ஆள். ஒரு மாதமாகத் தூங்காதவர் போல் முகம். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே நாற்காலியில் பஞ்சுப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

லீவுச் சீட்டு எழுதுவதில் அவரைப் போல ஒரு கருமியை நான் கண்டதில்லை. ஒரு நாளுக்கு மேல் அவர் பேனா எழுதாது. கால் ஒடிந்து வந்தவனுக்கே ஒரு நாள் எழுதிவிட்டு, "நாளைக்கு வா. இன்னும் ஒடிஞ்சிருந்தா இன்னொரு நாள் பாக்கலாம்" என்றாராம்.

அந்தப் படம் அவரிடம் வந்ததே கண்ணாடிக்காகத்தான். பெரிய பங்களாவைப் பழுது பார்த்தபோது பழைய சாமான்களை வெளியே கொட்டினார்கள். மருந்து அலமாரிக்குக் கண்ணாடி வேண்டுமென்று சட்டத்தோடு ஒரு படத்தைத் தூக்கி வந்தார். அளந்து பார்த்தால் கண்ணாடி நாலு விரல் குறைந்தது. திருப்பிக் கொண்டுபோக அலுப்புப்பட்டு, வாசலுக்கு எதிரே ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

வண்ணம் எதுவும் இல்லாத படம். ஊசியால் கீறிக் கீறி வரைந்தது போல் ஆயிரக்கணக்கான கறுப்புக் கோடுகள். செப்புத் தகட்டில் கீறி அச்செடுப்பார்கள் என்று பின்னால் என் மகள் படித்துவிட்டு வந்து சொன்னாள். காகிதம் பழுத்துப் புள்ளி விழுந்திருந்தது. அதில் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி, குடை விரித்தது போல் பாவாடை, ஒரு பிடியில் அடங்கிவிடும் இடுப்பு. ஒரு கை பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகில் இருந்தது. கண் நம்மைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தது. நாங்கள் அவளைத் துரைசானி என்றே கூப்பிட்டோம். பங்களாவிலிருந்து வந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுப்பதற்கு முன்னால், உடம்பு முடியாதவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். என்ன செய்யுது என்று டிரசர் கேட்பார். எல்லாரும் காய்ச்சல் என்பார்கள். பல்வலிக்காரனும் காய்ச்சல் என்பான், புருஷனிடம் அடி வாங்கியவளும் காய்ச்சல் என்பாள். வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே நோய் அதுதான். கேட்டுக் கேட்டு மனிதர் சலித்துப்போனார். ஒருநாள், "உன் கதை வேணாம். அந்தம்மாவுக்கு என்ன செய்யுது, அதச் சொல்லு" என்று சுவரைக் காட்டினார்.

முன்னால் நின்றவன் டிராக்டர் ஓட்டும் ஆள். படத்தைப் பார்த்தான். "கண்ணு சொருகுது டிரசர். நேத்து சம்பளம். கொஞ்சம் ஓவரா போச்சு லா, அந்தம்மாவுக்கு."

"தலவலி மாத்திர ரெண்டு. வேலைக்குப் போ. அடுத்தது?"

அடுத்தவன் யோசித்து, "இவளுக்கு வேலைக்குப் போக மனசில்ல" என்றான்.

"அதுக்கு மருந்து இன்னும் வரல. வந்தா மொதல்ல நான்தான் சாப்பிடுவேன். போ."

வேடிக்கை பார்க்க வந்த, எங்களை வேலை வாங்கும் மண்டோர் மட்டும், "இவ யாரையோ திட்டித் தீத்துட்டு மூச்சு வாங்க நிக்கிறா" என்றார். டிரசர் அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பத்து நிமிடத்தில் மண்டோர் ஆம்புலன்சில் போய்க்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு துரைசானியை நேராகப் பார்க்கவே பயந்தவர்கள் உண்டு. "அவ கண்ணுல மாட்டுனா வியாதி தெரிஞ்சிரும்" என்று பாசார் கடைகளில்கூடப் பேசிக்கொண்டார்கள்.

நான் அப்போது ரப்பர்ப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டு வேலையில் இருந்தேன். முப்பத்தேழு வயது. கூச்சம் பிடித்தவள், கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன். ஆறு மாதமாக ஒரு கஷ்டம். அதைப் புருஷனிடமே சொல்லவில்லை, டிரசரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு முறை போய்க் காய்ச்சல் என்றேன். இரண்டு முறையும் காய்ச்சல் மானி என்னைக் காட்டிக்கொடுத்தது. மூன்றாவது முறை போகும்போது வழியில் இரண்டு இடத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிரசர் சுவரைக் காட்டினார். எனக்கு வாய் வரவில்லை. பின்னால் நின்றவள், "சொல்லேன்க்கா, பெரட்டு ஆரம்பிக்கப் போவுது" என்றாள். டிரசர் அவளை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"அந்த இடுப்புக் கட்டு ரொம்ப இறுக்குது" என்றேன். "அடிவயித்துல கல்லு வச்ச மாரி இருக்கு... அவளுக்கு."

டிரசர் என் பக்கம் திரும்பவே இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். "எத்தன மாசமா?"

"ஆறு."

"ரத்தம் போவுதா, அவளுக்கு?"

"நெறையா."

"வயசு என்னா இருக்கும்?"

"முப்பத்தேழு."

பேனா எடுத்து ஒரு கடிதம் எழுதினார். "துரைசானிய நான் பாத்துக்கறேன். அவளுக்குப் பதிலா நீ சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னிக்கே போ."

கர்ப்பப்பையில் கட்டி. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கஷ்டம் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் லீவு கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது டிரசர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மாசமா! என் பேரயே கெடுத்துட்டாங்களே!"

இரண்டு வருடம் கழித்து எஸ்டேட் கைமாறியது. ஆஸ்பத்திரியை மூடினார்கள். கடைசி நாள் நான் போனபோது அலமாரி காலி. டிரசர் நின்றுகொண்டே குப்பிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். துரைசானியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போ. எனக்கு இவளத் தூக்கிட்டு அலைய முடியாது."

வாங்கிக்கொண்டேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "டிரசரய்யா, எல்லாரையும் கேட்டீங்க. நீங்க சொல்லலியே. இவளுக்கு என்ன செய்யுது?" என்றேன்.

அவர் ஒரு குப்பியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒரு வியாதியும் இல்லம்மா. காலு வலிக்குது. பக்கத்துலயே நாக்காலி இருக்கு, பாரு. படம் போடறவன் நிக்கச் சொல்லிட்டான். உக்காருன்னு ஒருத்தரும் சொல்லல. நின்னுட்டா."

அத்தனை வருடம் அத்தனை பேர் பார்த்த படம். அந்த நாற்காலியை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நான் பஞ்சுப் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தேன். நாற்காலியை முந்தானையால் துடைத்து அவர் பக்கம் தள்ளினேன். "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். எப்படி உட்காருவது என்பது மறந்துபோனவர் போல, முதலில் நுனியில், பிறகு முதுகைச் சாய்த்து. மேசையில் லீவுச் சீட்டுப் புத்தகத்தில் கடைசித் தாள் ஒன்று மிச்சம் இருந்தது. என் ஆறாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினேன்: 'பெயர்: டிரசர். நோய்: கால் வலி. லீவு: ஒரு நாள்.'

வாங்கிப் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மூணு நாளா போடு."

துரைசானி இப்போது ராசா என்ற ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறாள். எனக்கும் கால் வலி வந்துவிட்டது. டிரசர் போன வருடம் தெமியாங்கில் மகன் வீட்டில் காலமானார். பழைய எஸ்டேட் ஆட்கள் கோயிலில் பார்த்தால், "டிரசர் எப்படி இருக்காரு?" என்று விசாரிப்பார்கள். உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

லீவில் இருக்கிறார் என்கிறேன்.