கேட்டுக்குப் பின்னால் ஒரு நாய்

பெட்டியைத் தோளில் சுமந்தபடி கூரியர்காரர் கடைசி வீட்டு கேட்டைத் தொட்டார். உள்ளேயிருந்து வழக்கம்போல மூன்று லொள், ஓர் உறுமல். பின்னங்கால் பிடரியில் பட ஓடியவர் தெருமுனையில்தான் நின்றார். பெட்டியும் கூடவே வந்துவிட்டது.

"திரும்பவும் வீட்ல ஆள் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அந்தம்மா வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்களாம்!" என்று மேலாளர் கத்தினார்.

"நாய் சார்..."

"நாயைப் பாத்தீங்களா?"

"பாக்கற வரைக்கும் யார் சார் நிப்பாங்க?"

"பெட்டி போய்ச் சேரலைன்னா நீங்க வேற வேலை பாத்துக்குங்க."

வீட்டில் விஷயத்தைக் கேட்டு மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அன்று மாலையே அவரை மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா அவர் கண்களை மறைக்கும்படி பெரிய வி.ஆர். கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். "உள்ள தெரியறது எல்லாம் வெறும் படம். பாத்துப் பாத்துப் பழகினா பயம் தெளிஞ்சிடும். தூரத்துல நாய் தெரியுதா?"

"தெரியுது."

"இப்பப் பக்கத்துல வரும்."

வந்தது. கண்ணாடியைக் கழற்றியபோது கூரியர்காரர் டாக்டரின் மேசைமேல் நின்றிருந்தார். அவர் காலடியில் டாக்டரின் சாப்பாட்டு டப்பா நசுங்கிக் கிடந்தது.

"சரி, குட்டியிலேருந்து ஆரம்பிப்போம்" என்று பெருமூச்சு விட்ட டாக்டரம்மா, கூரியர்காரரின் செல்போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார். கேமராவை எங்கே திருப்பினாலும் அந்த இடத்தில் ஒரு நாய்க்குட்டி வாலாட்டியது.

குட்டியோடு பழக்கம் முற்றிப்போனது. சோபாவில் அதற்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்தார். மாமியார் அந்த இடத்தில் உட்காரப் போக, "அத்தை! குட்டி நசுங்கிடும்!" என்று அலறினார். அத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். தெருவில் வெறும் தரையைப் பார்த்துக் கொஞ்சியதில், கூரியர்காரருக்கு மறை கழண்டுவிட்டது என்று அலுவலகத்துக்குப் புகார் போனது.

"நாளைக்கு ஒண்ணு பெட்டியைக் கொடுங்க, இல்ல யூனிஃபார்மைக் கழட்டிக் கொடுங்க" என்றார் மேலாளர்.

மறுநாள் காலை மனைவி வாசல்வரை வந்தாள். "இந்த வேலையும் போச்சுன்னா நம்ம கதி என்னங்க? தயவுசெஞ்சு ஓடிடாதீங்க."

அவருக்கு அழுகை வந்தது. தோளில் பெட்டியும் கையில் போனுமாகப் போய் கேட்டைத் தள்ளினார்.

மூன்று லொள், ஓர் உறுமல்.

"குட்டி, நீ முன்னால போடா" என்று கெஞ்சினார். திரையில் குட்டி அது பாட்டுக்கு வாலாட்டிக்கொண்டிருந்தது. இத்தனூண்டு ஜீவன் பயப்படவில்லை, நமக்கு என்ன கேடு? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காதைப் பிளக்கும் குரைப்புக்கு நடுவே தடவித் தடவி நடந்து மணியை அழுத்தினார். இன்னும் எதுவும் கடிக்கவில்லை.

அந்தம்மா கதவைத் திறந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். கூரியர்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வேலை பிழைத்தது, பயமும் ஒழிந்தது.

"அம்மா, உங்க நாயைக் கொஞ்சம் கூப்பிடுங்க. ஒரு தடவை தடவிக் கொடுத்துட்டுப் போறேன்."

"நாயா? ஐயையோ, நாய்னாலே எனக்கு உசுரு போயிடும்! திருடன் வராம இருக்க வெச்ச ஸ்பீக்கர்ப்பா அது. ஒருத்தரும் பயப்படற மாதிரி தெரியலைன்னுதான், இன்னும் பெருசா குரைக்கிற இந்தப் பெட்டியை வரவழைச்சேன்."