நடுநிலையாரும் குழி விழுந்த மெத்தையும்

"நீ யார் பக்கம்ப்பா?" என்று மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். அடுப்படியில் அவள் அம்மாவுக்கும் அத்தைக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"நான் யார் பக்கமும் இல்லடா கண்ணு. நடுவுல இருக்கேன்."

குழந்தை விடவில்லை. "அப்போ உன் பக்கம் யாரு இருப்பாங்க?"

மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகும் அவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. நடுவில் இருக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வியாபாரத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் சமரச மையத்தில் மத்தியஸ்தராகச் சேர்ந்துவிட்டார். நீதிமன்றம் போனால் பேரன் காலம்வரை இழுக்கும் வழக்கை, இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்து, அவர்கள் வாயாலேயே முடித்துக்கொள்ளச் செய்வதுதான் வேலை. தீர்ப்பு சொல்லக் கூடாது. பக்கம் சாயக் கூடாது. ஒருவர் தனியாகச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. இந்தக் 'கூடாது'களை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டதால், மையத்தில் அவருக்கு நடுநிலையார் என்றே பெயராகிவிட்டது.

ஒரே ஒரு குறை. அவர் கையில் இதுவரை ஒரு வழக்கும் முடிந்ததில்லை. ஒரு கூட்டாளிச் சண்டையில் மட்டும் இரு தரப்பும் ஒன்று சேர்ந்தார்கள். மத்தியஸ்தரை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பதற்காக. மையத்தின் தலைவி அவரைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், இந்த வழக்கும் முடியாவிட்டால் வாசல் பலகையில் அவர் பெயருக்கு இடம் இருக்காது என்று சொல்லிவிட்டார். வீட்டில் அந்தப் பலகையைப் பற்றி அவர் அளந்து வைத்திருந்ததை நினைத்தால், பெயர் போவது பாதி உயிர் போவது மாதிரி.

'இந்த வழக்கு' என்பது மெத்தை வழக்கு.

லாட்ஜ் நடத்தும் அம்மா ஒரு பக்கம். அவருக்கு மெத்தை தைத்துக் கொடுத்தவர் இன்னொரு பக்கம். போட்ட ஆறாம் மாதமே எல்லா மெத்தையும் நடுவில் குழி விழுந்துவிட்டது என்று லாட்ஜ் அம்மா சொன்னார். ஈரமான அறையில் மடித்துப் போட்டால் மெத்தை என்ன, மலையே குழி விழும் என்றார் மெத்தைக்காரர்.

"சண்டை போட்டுக்கிட்டு வர்ற புருஷன் பொண்டாட்டிகூட நடுக்குழியில உருண்டு ஒண்ணா விழுந்துடுறாங்க."

"அப்ப நல்லதுதானேம்மா. அதுக்கு நான் தனியா காசு வாங்கியிருக்கணும்."

முதல் நாள் இப்படியே போனது. கொட்டும் மழையில், ஒரு மெத்தையைக்கூடத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மெத்தைக்காரர் வெளியே போனார். லாட்ஜ் அம்மாவும் குடையை உதறிக்கொண்டு பின்னாலேயே போனார்.

அடுத்த வாரம் இருவரும் வந்து உட்கார்ந்தபோது ஏதோ மாறியிருந்தது. மெத்தைக்காரர் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லா மெத்தையையும் மாற்றித் தந்துவிடுவதாகச் சொன்னார். தனக்கு முழுச் சம்மதம், ஈர அறையையும் காலி செய்துவிடுவதாக லாட்ஜ் அம்மா சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் பேனாவைத் திறந்திருப்பார்கள். நடுநிலையார் மூடி வைத்தார். கேட்ட உடனே கிடைக்கும் சமாதானம் புண்ணை மூடிய தோல் மாதிரி, உள்ளே சீழ் இருக்கும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"அவசரப்படாதீங்க. மெத்தைங்கிறது வெறும் மெத்தை இல்ல. அதுக்கு அடியில ஏதோ இருக்கு."

"கட்டில் சார்," என்றார் மெத்தைக்காரர்.

அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், லாட்ஜ் அம்மாமேல் மனதில் வேறு என்ன வருத்தம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் மெத்தைக்காரர். ஒன்றும் இல்லாமல் இருக்காது என்றார் நடுநிலையார். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் பிழிந்ததில், எப்போதோ ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னால் அந்த அம்மா தன்னைப் பஞ்சு மூட்டை என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. வந்ததும் முகம் சிவந்தது.

இந்த ரகசியத்தை நடுநிலையார் காப்பாற்றினார். லாட்ஜ் அம்மாவிடம் போய், நீங்கள் யாரையாவது உருவத்தை வைத்துக் கேலி செய்ததுண்டா என்று மட்டும் பொதுவாகக் கேட்டார். அந்த அம்மாவுக்கு அடுத்த அறையில் என்ன நடந்தது என்று புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. வரும்போது சிரித்துக்கொண்டு வந்த இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனார்கள்.

அதற்கடுத்த அமர்வில் இதைச் சரி செய்ய, ஆளை மாற்றிப் பேச வைத்தார். அவர் இவராக, இவர் அவராக. மற்றவர் நிலைமை அப்போதுதான் விளங்கும். மெத்தைக்காரர் கைக்குட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, லாட்ஜ் அம்மாவின் கறார் குரலில், "இங்க மூச்சு விடுறவங்ககூட என்னைக் கேட்டுட்டுத்தான் விடணும்" என்றார். லாட்ஜ் அம்மா கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு அறையைச் சுற்றி ஆடி ஆடி ஒரு நடை நடந்தார். நடிப்பு இரண்டும் அச்சு அசல். அதுதான் வினையாகிவிட்டது.

"நான் இப்படியா பேசுறேன்? நீங்களே சொல்லுங்க சார்."

"நான் இப்படியா நடக்கிறேன்? நியாயத்தைச் சொல்லுங்க சார்."

"நான் யார் பக்கமும் இல்லை," என்றார் நடுநிலையார்.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி, நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும், மீதிப் பாதி நீங்கள் தூங்கினால் தீரும் என்றாள். அவர் கடவுள் படத்துக்கு முன்னால் நின்று, பலகையைக் கேட்கக் கூச்சப்பட்டு, அவர்கள் இரண்டு பேரும் நல்லா இருக்கணும் என்று மட்டும் வேண்டிக்கொண்டார். கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. தகராறு மெத்தையை இன்னும் தான் கண்ணால் பார்க்கவே இல்லையே.

லாட்ஜுக்கு வருவதாகச் சொன்னதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்கு சார்?" என்று ஒரே குரலில் கேட்டார்கள்.

இந்த வழக்கில் அவர்கள் ஒரே குரலில் பேசியது இதுதான் முதல்தடவை. நடுநிலையார் மனம் குளிர்ந்துபோனார். கொஞ்சம் அவகாசம் கேட்டார்கள், கொடுத்தார்.

லாட்ஜில் மாடியறை ஒன்றில் கட்டில்மேல் மெத்தை தயாராக இருந்தது. குழியும் இருந்தது, குழந்தையை வைத்துக் குளிப்பாட்டலாம் போல. அங்கேயே தங்கி விரிப்புகளைத் துவைத்துப் போடும் சலவைக்காரர், துணிமூட்டையோடு கதவோரம் நின்று, அந்த மெத்தையையே வாடிய முகத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பார்த்து மனம் அறியும் பயிற்சி நடுநிலையாருக்கு உண்டு. முதலாளிகள் சண்டையில் தொழிலாளி எப்படி வாடிப்போகிறான் பார் என்று நினைத்துக்கொண்டார்.

"படுத்துப் பாருங்க சார்," என்றார் லாட்ஜ் அம்மா.

இடப்பக்கம் படுத்தார். வலப்பக்கம் படுத்தார். எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று சரியாக நடுவில் படுத்தார். குழி அவரைத் தாய்மடி மாதிரி வாங்கிக்கொண்டது. பல நாள் தூங்காத கண்.

விழித்தபோது ஜன்னலில் சாயங்கால வெயில். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மெத்தைக்காரரும் இந்தப் பக்கம் லாட்ஜ் அம்மாவும் நாற்காலி போட்டு, அவர் தூக்கம் கலையாமல் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி ஓடவில்லை. லாட்ஜ் அம்மா செய்தித்தாளால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் எழுதித் தயாராக இருந்தது. எல்லா மெத்தையும் மாற்றித் தரப்படும், ஈர அறை காலி செய்யப்படும்.

"எழுந்துட்டார், எழுந்துட்டார். சீக்கிரம் நீட்டுங்கம்மா," என்றார் மெத்தைக்காரர். நடுநிலையார் அரைத்தூக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மையத்தில் ஒரே பாராட்டு. பெயர் பலகையிலேயே நின்றது. குறுக்கிடாமல் இருப்பதில் இது உச்சம் என்று தலைவி வியந்து, புதிதாகச் சேரும் மத்தியஸ்தர்களுக்கு இதைப் பற்றி வகுப்பு எடுக்கச் சொன்னார்.

வகுப்பில் சொல்வதற்காக, புது மெத்தைகளை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று மறுபடி லாட்ஜுக்குப் போனார். அம்மா இல்லை. சலவைக்காரர்தான் மாடியறையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். மெத்தை பலகை மாதிரி நிமிர்ந்திருந்தது.

"எப்ப வந்து இறங்கிச்சு?" என்று பெருமையாகக் கேட்டார் நடுநிலையார்.

"இதா? முதல் தடவை உங்ககிட்ட வந்துட்டு மழையில ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுல வந்தாங்கல்ல, அதுக்கு மறுநாளே வந்துடுச்சு சார். ஆட்டோவை விட்டு இறங்கும்போதே பேசி முடிச்சுட்டாங்க."

நடுநிலையார் மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார். "அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்துக்கிட்டே இருந்தாங்க?"

"இதுவும் முடியலன்னா உங்க பேரை எடுத்துடுவாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பாவம், நல்ல மனுஷன், அவர் கையாலயே முடியட்டும்னு அம்மா சொன்னாங்க. மெத்தைக்காரரும் சரின்னுட்டார். நீங்க முடிய விட்டாத்தானே சார்."

விரிப்பின் கடைசி மூலையை இழுத்துச் செருகிவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பினார் சலவைக்காரர்.

"அன்னைக்கு நீங்க படுத்துத் தூங்கினது என் மெத்தை சார்."

ஒரு வாரம் கழித்து, சலவைக்காரர் ஆற்றுக்குப் போயிருந்த உச்சிவெயில் நேரத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த அவர் அறைக்கு, விருந்தாளிகளுக்கென்று தன் வீட்டில் சுருட்டி வைத்திருந்த மெத்தையைத் தலையில் சுமந்து வந்தார் நடுநிலையார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை விரித்து, மூலைக்கு மூலை நீவிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் படுத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.