மட்டம் தட்டிய குமிழ்

இந்த வீட்டுக்குத் தலைவர் ஒருவரே, அந்த ஒருவர் தாமே என்ற முடிவுக்கு மிக்ஸிக்காரர் வந்தபோது மாலை மணி நான்கு. முடிவுக்கு வருவதற்கு முன்னால் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ள அவர் மறக்கவில்லை. வீரமும் விவேகமும் ஒருவரிடத்தே சேர்ந்து அமைவது அரிது. அவரிடம் விவேகம் மட்டும் தாராளமாக இருந்தது.

மிக்ஸிக்காரர் என்பது அவர் பெயரன்று; தெரு அவருக்குச் செய்த கொடுமை. பாட்டையும் வாத்தியங்களையும் தனித்தனியே பதிவு செய்துகொண்டு வருவார்கள். அவற்றைக் கணினியில் அளவோடு கலந்து ஒரே பாடலாக்கித் தருவது அவர் தொழில். குடிவந்த அன்று, "வீட்டுல இருந்தே மிக்ஸிங் பண்றேன்" என்று எதிர்வீட்டு அம்மாளிடம் பெருமையாகச் சொன்னார். மறுநாள் காலையில் அந்த அம்மாள் சுற்றாத மிக்ஸி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். மிக்ஸிக்காரர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் மனைவி திருப்புளியை எடுத்து, உள்ளே விடுபட்டிருந்த வயரைச் சேர்த்து, ஓடவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த வீட்டுக்காரர் கை ராசியான கை" என்று எதிர்வீட்டு அம்மாள் தெரு முழுக்கச் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. வயரைச் சேர்த்த கையை ஒருவரும் விசாரிக்கவில்லை. மிக்ஸிக்காரரும் அன்றே அதை மறந்தார். மறக்கக் கூடாதவற்றை மறப்பதே மனிதனுடைய துன்பங்களுக்கெல்லாம் தொடக்கம்.

மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. தெருவுக்கு அவள் டீச்சர். வீட்டுக்கும் டீச்சர்தான்.

கணினித் திரையில் மிக்ஸிக்காரர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தூண். வீணை, தபலா, குரல் என ஒவ்வொன்றுக்கும் ஏற்றி இறக்க ஒரு ஸ்லைடர் உண்டு. எல்லா ஒலியும் சேர்ந்து கடைசியில் வெளியேறும் வாயிலுக்கு மாஸ்டர் என்று பெயர். அந்த வாயிலில் நிற்பதுதான் மீட்டர் என்னும் அந்தத் தூண். ஒலி எழ எழப் பச்சை ஏறும், பிறகு மஞ்சள், உச்சியைத் தொட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் ஒலி வெடித்துச் சிதறும், பாட்டு பாழ்.

அன்பர்களே, அந்தத் தூணில் ஒரு நீதி இருக்கிறது. ஒவ்வொரு வாத்தியமும் தனியே கேட்டால் அடக்கமாகத்தான் ஒலிக்கும். எல்லாம் கூடும்போதுதான் சிவப்பு எரியும். எரிந்த பிறகு விசாரித்துப் பாருங்கள்: "நான் மெதுவாத்தானே பேசினேன்" என்று ஒவ்வொன்றும் சொல்லும். குடும்பம் என்பதும் இதுதான். இவ்வளவு தெளிவாக மீட்டரைப் படிக்கத் தெரிந்த மனிதருக்கு, சுவருக்கு அப்பால் எரிந்த சிவப்பு தெரியவில்லை.

சுவருக்கு அப்பால் டீச்சர் அமர்ந்து இருநூற்று நாற்பது விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவை அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போயாக வேண்டும். இந்தப் பக்கத்தில், கட்டட வேலை செய்யும் கான்ட்ராக்டர் ஒருவர் தாமே எழுதித் தாமே பாடிய பாட்டு கலவையில் இருந்தது. அதையும் அதே வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இடையில் ஒரே சுவர். அன்று மூன்றரை மணிக்கு டீச்சர் ஒரு விடைத்தாளுடன் வந்து நின்றாள்.

"என்னங்க, சுவர் ஆடுது."

"ஆடாது. மீட்டரைப் பாரு. மஞ்சள்தான். சிவப்பு வந்தாத்தான் தப்பு."

"சிவப்பு எங்கிட்ட வந்துடுச்சு. இதைப் பாருங்க. மூணு மார்க் போட்டேன். உங்க டிரம் அடிச்ச அடியில கை ஆடி எட்டாயிடுச்சு."

"நல்லதுதானே. பையன் சந்தோஷப்படுவான்."

"படுவான். நாளைக்கு இந்த எட்டை வெச்சு இன்ஜினியராவான். பாலம் கட்டுவான். அது விழும். யாரால? உங்களால."

"பாலம் விழட்டும், அப்போ பாத்துக்கலாம்! எவ்வளவு சத்தம் வேணும்னு முடிவு பண்றவன் தொழில் தெரிஞ்சவன். நீ பாட்டுக்குத் திருத்து. நான் பாட்டைத் திருத்தறேன்."

டீச்சர் விடைத்தாளை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவள் பேசாமல் போனதை அவர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகே கதவைத் தாழிட்டதும், தலைமைப் பதவியைத் தாமே ஏற்றுக்கொண்டதும்.

வெற்றி தலைக்கு ஏறிய மனிதன் அடுத்ததாக வாயைத் திறப்பான். சாப்பிடும்போது அவர் திறந்தார்.

"இன்னிக்கு கான்ட்ராக்டர் போன் பண்ணினார். எப்பவும் ஒரே பல்லவி. 'என் குரலை ஏத்துங்க, என் குரலை ஏத்துங்க.' ஏத்தினா மாஸ்டர் சிவப்பாகுது. அதுக்கு நான் என்ன பண்றேன் தெரியுமா?"

"என்ன பண்றீங்க?"

"எதோடயும் சேராத ஒரு ஸ்லைடர் வெச்சிருக்கேன். அதுக்கு 'குரல் சிறப்பு'ன்னு பேர் போட்டிருக்கேன். அவர் வந்து உக்காந்ததும் அதை மெதுவா மேல தள்ளுவேன். 'இப்போ?'ன்னு கேப்பேன். 'ஆகா, இப்பத்தான் சார் உயிர் வந்துச்சு!'ம்பார்." மிக்ஸிக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். "ஒண்ணுமே மாறல!"

டீச்சர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். "அவருக்குத் தெரியவே தெரியாதா?"

"எப்படித் தெரியும்? தான் கேட்டது நடந்துச்சுன்னு மனசு நம்பிடுச்சுன்னா, காது அது பின்னாடியே போயிடும்."

"ஓகோ," என்றாள் டீச்சர்.

தொழில் ரகசியத்தை வீட்டில் சொல்லலாகாது என்று இங்கே யாரும் உபதேசிக்கவில்லை. மனம்விட்டுப் பேசுவது இல்லறத்துக்கு அழகு. ஆனால் கேட்பவள் கணக்கு ஆசிரியையாக இருந்து, கேட்டுவிட்டு "ஓகோ" என்று மட்டும் சொன்னால், பாடம் அவளுக்கு விளங்கிவிட்டது என்று பொருள். பயிற்சிக் கணக்கு பின்னால் வரும்.

இரண்டாம் நாள் அது வந்தது. கரிய மரப்பெட்டி, நடுவில் உள்ளங்கை நிறையும் ஒரு வெள்ளிநிறக் குமிழ், ஓரத்தில் பச்சை விளக்கு. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் மேசைமேல், வலக்கைக்கு வாகாக அது வீற்றிருந்தது.

"என்ன இது?"

"உங்களுக்குத்தான். அன்னிக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். சத்தத்தை முடிவு பண்றது நீங்கதான். அதான் முடிவு பண்றதுக்கு ஒரு பிடி வாங்கிட்டு வந்தேன். பெரிய ஸ்டூடியோவுல எல்லாம் மொத்தச் சத்தமும் இது வழியாத்தான் போகுமாம். கடைக்காரர் சொன்னார்."

மிக்ஸிக்காரருக்குக் கண் கலங்கியது.

"வயர்?"

"எல்லாம் நானே மேசைக்குப் பின்னால விட்டுட்டேன். உங்க முதுகு வலிக்கு நீங்க எங்க குனியறது? ஒண்ணு மட்டும் சொன்னார். ரொம்ப நுட்பமான சாமானாம். ஒரு மயிரிழைக்கு மேல திருப்பக் கூடாதாம். வித்தியாசமும் காது பழகினவங்களுக்குத்தான் தெரியுமாம்."

அவர் பாட்டை ஓடவிட்டார். வழக்கத்தைவிட அடங்கி ஒலித்தது. நெற்றி சுருங்கியது. "சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கே?"

"கடைக்காரர் அதையும் சொன்னார். ஒலியில இருக்கிற அழுக்கை இது எடுத்துடுமாம். எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குத் தெரியுதா?"

அவர் குமிழை ஒரு மயிரிழை திருப்பினார். கண்ணை மூடினார். தலையை மெல்ல அசைத்தார்.

"தெரியாம என்ன? அப்பப்பா! எவ்வளவு சுத்தம்! இத்தனை நாளும் அழுக்கைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

"எனக்குத்தான் ஞானம் போதாது," என்று சொல்லிவிட்டு டீச்சர் விடைத்தாள்களிடம் போனாள்.

அடுத்த பத்து நாட்களும் அந்த வீட்டில் பொற்காலம். சில சமயம், ஒலி போதவில்லை என்று தோன்றி அவர் வாத்தியங்களை ஏற்றுவார். மீட்டர் சிவப்பு காட்டி எச்சரிக்கும். உடனே பணிந்து இறக்கிவிடுவார். மீட்டரிடம் மட்டும் அவர் வீம்பு பிடித்ததில்லை. அவ்வப்போது அடுத்த அறையிலிருந்து குரல் வரும்.

"என்னங்க, கொஞ்சம் குறைங்க!"

மிக்ஸிக்காரர் குமிழ்மேல் கையை வைப்பார். திருப்பமாட்டார். மூன்று எண்ணிவிட்டு, "இப்போ?" என்பார்.

"ஆங், இப்போ சரி!"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அவள் கேட்டது நடக்கவில்லை. கேட்டது நடந்ததாக நம்பிக்கொண்டும் இருக்கிறாள்! கான்ட்ராக்டருக்குப் பலித்த வித்தை கணக்கு டீச்சருக்கும் பலிக்கிறதே என்று, தம் திறமையை நினைத்துத் தாமே வியந்தார். பிறரை ஏமாற்றும்போது வருகிற அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது வந்தால் உடனே எழுந்து மேசைக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள். அவர் பார்க்கவில்லை. முதுகு வலி.

பெட்டி வந்த பதினோராம் நாள், வியாழக்கிழமை மாலை, பாட்டைக் கேட்க கான்ட்ராக்டர் வந்தார். சட்டைப்பையில் ரசமட்டம் துருத்திக்கொண்டிருந்தது. எங்கே உட்கார்ந்தாலும் முதலில் மேசைமேல் அதை வைத்து, நடுவில் உள்ள குமிழி நேராக நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம்.

பாட்டு ஓடியது. கான்ட்ராக்டர் முகம் மலர்ந்தது.

"சார், இதுவரைக்கும் நீங்க செஞ்சதுலயே இதுதான் சார் டாப்பு! காதைக் குத்தாம எவ்வளவு இதமா இருக்கு. என் குரலை மட்டும் ஒரு சொட்டு ஏத்துங்க."

மிக்ஸிக்காரர் 'குரல் சிறப்பு' ஸ்லைடரை மேலே தள்ளினார். "இப்போ?"

"ஆகா! உயிர் வந்துடுச்சு! இனி மொத்தமா ஒரு ஏத்து ஏத்துங்க. நெஞ்சில வந்து அடிக்கணும்."

மிக்ஸிக்காரர் சாய்ந்து உட்கார்ந்தார். விரல்களை நீவிக்கொண்டார். வெள்ளிக் குமிழைத் தொட்டார். வந்தவருக்காக மயிரிழைக் கணக்கையும் விட்டுவிட்டுக் கால்வட்டமே திருப்பினார்.

"இப்போ?"

"ஒண்ணும் மாறலையே சார்."

"நல்லாக் கேளுங்க. அந்த ஆழம், அந்த விரிவு…"

"இல்லையே."

"உங்க காது பழகல சார்."

"பழகாத காதுதான். ஆனா நான் மட்டம் பாக்கறவன். செங்கல் ஒரு நூல் ஏறினாக்கூட கண்ணு சொல்லிடும். நகருங்க, வயரைப் பாக்கறேன்." அவர் டார்ச்சுடன் மேசைக்கு அடியில் புகுந்தார். உள்ளிருந்து குரல் வந்தது. "சார், கம்ப்யூட்டர்லேருந்து வயர் நேரா ஸ்பீக்கருக்குப் போகுது. உங்க பெட்டிக்கு வரவே இல்ல."

"அப்போ பெட்டியோட வயர்?"

"மேசைக் காலுக்கு வருது."

மிக்ஸிக்காரர் முதுகு வலியை மறந்து குனிந்தார். விடைத்தாள் கட்டும் சிவப்பு நாடாவால் வயரின் முனை மேசைக்காலில் அழகாகப் பூப்போட்டுக் கட்டப்பட்டிருந்தது. ஸ்பீக்கரின் பின்புறம் அதற்கே உரிய சிறிய குமிழ் தாழ்வாகத் திருப்பி விடப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி. பத்து நாட்களாக அவர் ஒன்றுக்கும் ஆகாததைத் திருப்பினார். அவள் அவரையே திருத்தியிருந்தாள்.

கான்ட்ராக்டர் வெளியே வந்து வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. கண் திரைக்குப் போனது.

"அது சரி சார்… எனக்குன்னு ஒண்ணு ஏத்துவீங்களே, 'குரல் சிறப்பு'… அது எங்க போகுது?"

அறையில் மீட்டர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வாசற்படியில் இரண்டு டம்ளர் காபியுடன் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். அந்த ரகசியம் தெரிந்தவர் உலகில் இருவர். மிக்ஸிக்காரர் மனைவியைப் பார்த்த பார்வையில் தலைமைப் பதவி இல்லை.

"அது நேரா உங்க மனசுக்குப் போகுது சார்," என்றாள் டீச்சர்.

கான்ட்ராக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பாத்தீங்களா சார்! டீச்சருக்குப் புரியுது!"

"மொத்தச் சத்தத்தை என்ன பண்ணலாம்ங்க?" என்று டீச்சர் கணவரைக் கேட்டாள். "ஏத்தணுமா?"

"வேண்டாம், வேண்டாம். எங்க இருக்கோ அங்கேயே இருக்கட்டும்."

கான்ட்ராக்டர் பாட்டை வாங்கிக்கொண்டு, தம் பாட்டைத் தாமே முணுமுணுத்தபடி போனார். மிக்ஸிக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பத்து நாளா என்னை ஏமாத்தியிருக்கே!"

"நான் எங்க ஏமாத்தினேன்? வித்தியாசம் தெரியுதான்னு கேட்டேன். அப்பப்பான்னீங்க."

"அப்புறம் எதுக்கு நடுநடுவுல 'குறைங்க குறைங்க'ன்னு கத்தினே?"

"கூப்பிடாம விட்டா, உங்களை யாரும் மதிக்கலன்னு நினைச்சுக்குவீங்க."

மிக்ஸிக்காரருக்கு ஒரு பிடி கிடைத்தது. விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு! நான் ஒரு தடவைகூடக் குறைக்கல. கையைச் சும்மா வெச்சுட்டு 'இப்போ?'ன்னேன். நீ 'இப்போ சரி'ன்னே. ஏமாந்தது நீதான்!"

"அப்படியா!" டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இது எனக்குத் தோணவே இல்லையே. சரி, பேப்பரும் முடியப் போகுது. இன்னும் பதினாலுதான். பெட்டியை நிஜமாவே மாட்டிக்குங்க. இனி எல்லாம் உங்க கையில," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குத் திருத்தப் போனாள்.

ஒலிமட்டம் அளக்கும் அன்பர்கள் இதை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கணினியை விட்டு என்ன வெளியேறுகிறது என்பதைத்தான் மீட்டர் சொல்லும். வீட்டுக்குள் அது எவ்வளவாக எடுபடுகிறது என்பதை வேறொரு கை முடிவு செய்கிறது. அந்தக் கையோடு சமாதானமாக இருங்கள்.

மிக்ஸிக்காரருக்கு இந்த உபதேசம் தேவைப்படவில்லை. முனகிக்கொண்டே மேசைக்கு அடியில் புகுந்து, சிவப்பு நாடாவை அவிழ்த்து, கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் பெட்டியை முறைப்படி இணைத்தார். ஒவ்வொரு வயரையும் இருமுறை இழுத்துப் பார்த்தார். எழுந்து அமர்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கம்பீரமாக வெள்ளிக் குமிழைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார்.

"இப்போ?" என்று சுவரைப் பார்த்து முழங்கினார்.

"ஆங், இப்போ சரி!"

முகம் முழுக்கப் பெருமிதத்தோடு மீட்டரைப் பார்த்தார். அதில் பச்சைகூட ஏறியிருக்கவில்லை. பாட்டை அவர் இன்னும் ஓடவிடவே இல்லை.