கரையான்சாவடி அன் சார்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு பக்கம் டைப் அடிக்க ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு, அதற்காகத் துளியும் வெட்கப்படாத ஒரே மனிதர் அன் சார்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் வந்து நின்று 'இல்லை' என்று தலையாட்டுகிற அந்த 'அன்' கண்ணில் பட்டால் போதும், சார் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். அதன் பிறப்பு வளர்ப்பைச் சொல்லி முடிக்காமல் அடுத்த எழுத்து விழாது.

'அன்எம்ப்ளாய்டு' என்று மனு அடிக்க வந்த ஒருவருக்கு, பாடம் முடிவதற்குள் வேலையே கிடைத்துவிட்டது. மாடிச் சுவர் 'அன்ஆதரைஸ்டு' என்று வந்த நோட்டீசுக்குப் பதில் அடிக்க வந்தவர், இதற்குச் சுவரை இடிப்பதே சுலபம் என்று எழுந்து போனார்.

அவரிடம்தான் நானும் என் மனைவி தேவியும் விவாகரத்து மனு அடிக்கப் போனோம். பதினான்கு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் சேக்காட்டில் அம்மா வீட்டில், நான் திருமுல்லைவாயிலில் ஓட்டல் சாப்பாட்டில். காரணத்தை இப்போது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்று வக்கீல் சிரிக்கவில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டால் மறுநாளே கோர்ட்டில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை சாரிடம் நீட்டிவிட்டு, ஒரே பெஞ்சின் இரு கோடிகளில் உட்கார்ந்தோம்.

மூன்றாவது வரியில் 'அன்ஹேப்பி' வந்தது. சார் திரும்பினார்.

"நைனா, 'அன்' ஒண்ணு இல்ல, ரெண்டு கீது. ஒண்ணு, இல்லேன்னு சொல்றது. இன்னொண்ணு, கட்டுன முடிச்ச அவுக்கிறது. பாக்க ரெட்டப் புள்ள மாதிரி கீதுங்க, ஆனா வேற வேற ஊட்டுப் புள்ளைங்க. மொதலாவது லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாத்துக்கும் பங்காளி. நாம அநியாயம்னு சொல்றோமே, அதுல முன்னால நிக்கிற 'அ' கூட அந்தக் குடும்பம்தான்."

"சரி சார், அடிங்க," என்றேன்.

அடித்தார். அடுத்த வரியில் 'அன்ஏபிள்'. எங்களால் சேர்ந்து வாழ இயலவில்லையாம்.

"இத்த கேளும்மா," என்று தேவியைப் பிடித்துக்கொண்டார். "'ஏபிள்' பிரெஞ்சுக்காரன் கொண்டாந்தது. 'அன்' சுத்த இங்கிலீஷ். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. எத்தினி நூறு வருஷமா ஒண்ணா குடித்தனம் பண்ணிகினு கீதுங்க பாரு."

ஜாடை பேசுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அதெல்லாம் இல்லை. எங்கள் மனு எதைப் பற்றியது என்றே அவருக்குத் தெரியாது. மனிதர் சொற்களைப் பார்ப்பாரே தவிர வாக்கியத்தைப் படிப்பதில்லை.

மதியம் இரண்டு மணி ஆயிற்று. பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"இன்னாங்க, இந்தாளு இப்போதைக்கு நிறுத்த மாட்டாரு போலகீது. எனக்குப் பசிக்குது."

பதினான்கு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"நானும் இன்னும் துன்னல," என்றேன்.

சார் கண்ணாடியைத் துடைக்கக் குனிந்த நேரம் பார்த்து நழுவினோம். பிரியாணிக் கடையில் உட்கார்ந்து அவரை நினைத்துச் சிரித்தோம். பிறகு அவள் கொஞ்சம் அழுதாள், நானும்தான். மாலையில் சேக்காட்டுக்குப் போய் அவள் பெட்டியை எடுத்து வந்தோம்.

எங்களைச் சேர்த்துவைத்ததே நீங்கள்தான் என்று சொல்ல, அடுத்த வாரம் இனிப்போடு போனோம். சார் இனிப்பைத் தொடவில்லை.

"பாடம் பாதியில நிக்குது. மொதல்ல உக்காருங்க," என்றார்.

உட்கார்ந்தோம். முடிச்சவிழ்க்கிற 'அன்', 'எதிராக' என்று பொருள்படும் ஏதோ பழைய சொல்லிலிருந்து வந்ததாம். சொல்லி முடிக்க மூன்று மணி நேரம். தேவி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அசையவில்லை, சார் இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்றிருந்தது.