முதலில் பார்த்தவர் பொறுப்பு

நெருப்பைக் கண்டுபிடித்தவனை உலகம் இன்றும் புகழ்கிறது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனைப் பாடப் புத்தகத்தில் போட்டுவிட்டார்கள். இரண்டையும் தூக்கிச் சாப்பிடும் மாபெரும் கண்டுபிடிப்பு ஒன்று, வாடகை வசூலிக்கும் ஓர் அலுவலகத்தில், குளிரூட்டப்பட்ட அறையில், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் நிகழ்ந்திருக்கிறது என்பதை இங்கே மிகுந்த பெருமிதத்துடன் அறிவிக்க வேண்டியிருக்கிறது. அதன் பெயர் 'முதல் தகவலாளர் பொறுப்புக் கோட்பாடு.'

கோட்பாடு எளிமையானது. வீட்டில் ஏதாவது பழுதானால் அதை முதலில் யார் வாய் திறந்து சொல்கிறாரோ அவர் தலையில் செலவு. உடைத்தவர் அல்ல, கட்டியவர் அல்ல, வாடகை வாங்குகிறவர் அறவே அல்ல. சொன்னவர். யாரும் சொல்லாதவரை அந்தப் பழுது உலகத்தில் இல்லை. அப்படியானால் சொன்னவர்தானே அதை உண்டாக்கியவர்? ஞானிகள் தாடி வளர்த்துத் தேடிய விஷயத்தை 'நிர்வாகம்' ஒரே சுற்றறிக்கையில் முடித்துவிட்டது.

நிர்வாகம் என்பது வீட்டுச் சொந்தக்காரர் அல்ல. சொந்தக்காரரை எவரும் பார்த்ததில்லை. அவருக்கும் குடியிருப்பவர்களுக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கம் வாடகை வாங்கி, அந்தப் பக்கம் கமிஷன் எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் 'சேவை' செய்யும் ஏஜென்சிக்குத்தான் அந்தப் பெயர்.

இந்தக் கோட்பாட்டின் முழு அழகையும் அனுபவிக்கும் பாக்கியம் முதன்முதலாகத் தையல் அக்காவுக்கு வாய்த்தது.

அக்கா இரண்டாம் மாடியில் இருந்தாள். பேன்ட் நீளம் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்கு மானம் கெடாமல் தையலைப் பிரித்துவிடுவது எல்லாம் முன்னறையில் ஜன்னலோரம் மெஷின் போட்டு நடந்தது. அந்தத் தெருவில் யாருக்கு எப்போது தொந்தி விழுந்தது என்பது டாக்டருக்குத் தெரியும் முன்பே அக்காவுக்குத் தெரியும். வாடிக்கை பிடிக்க அவளுக்கு வருஷக்கணக்கானது. இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு நாள் மெஷினுக்கு நேர் மேலே கூரையில் பழுப்பாக ஒரு வட்டம் தோன்றியது. பிறகு சொட்டியது. மேலே குளியலறை. அங்கே குடியிருந்தவருக்கு, மாடிப்படியில் எதிரே வந்தால்கூட 'வணக்கம்' என்பதை யோசித்துச் சொல்வதால், 'கமுக்கம்' என்று பெயர் விழுந்திருந்தது.

அக்கா மேலே போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், உங்க பாத்ரூம் குழாய் எங்கயோ கசியுது போல. எங்க வீட்டுல சொட்டுது."

கமுக்கம் அவளைப் பார்த்தார். தன் பின்னால் நனைந்து கிடந்த தரையைப் பார்க்கவில்லை. கால் சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தார்.

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்குது சார்."

"அது நீங்க சொல்றீங்க," என்றார் கமுக்கம். 'நீங்க'வை நன்றாக அழுத்தினார். "நான் சொல்லல. ஞாபகம் வச்சுக்குங்க."

கதவு சாத்திக்கொண்டது. அந்த மனிதர் எவ்வளவு பெரிய படிப்பாளி என்பது அக்காவுக்கு அப்போது விளங்கவில்லை. சுற்றறிக்கையைக் கடைசி வரிவரை படித்தவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

அக்கா போன் போட்டு நிர்வாகத்திடம் சொன்னாள். முதல் ஆளாகச் சொன்னாள். முடிந்தது கதை.

நிபுணர் ஒருவர் வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஆமா, ஒழுகுது," என்றார். செல்போனில் படம் எடுத்தார். போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் மெஷின் துருப்பிடித்துவிடும் என்று பயந்து, அக்கா மீந்திருந்த ரெக்சின் துணியில் பெரிய புனல் ஒன்று தைத்து, நாலு மூலையிலும் கொக்கி போட்டுக் கூரையில் மாட்டினாள். சொட்டும் தண்ணீர் அதில் விழுந்து, ஒரு குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போயிற்று.

நிபுணர் வரவில்லை. பில் வந்தது. கூரையைப் பார்த்ததற்கு ஒரு தொகை. பார்த்ததைப் படம் எடுத்ததற்கு ஒரு தொகை. அந்தப் படத்தை மேலாளர் பார்த்ததற்கு இன்னொன்று. கடைசியில் 'அனுமதியற்ற கூரை அலங்காரம்' என்று ரெக்சின் புனலுக்கு அபராதம். மொத்தம் இரண்டு மாத வாடகையைத் தொட்டது. மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் காலி செய்துவிட வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கட்டித் தொலைச்சிடலாமா?" என்றான் பஸ் ஓட்டும் புருஷன்.

"எதுக்குங்க கட்டணும்? பாத்ததுக்கா? அப்ப நீங்க தினம் ரோட்டுல பாக்குற பள்ளத்துக்கெல்லாம் நீங்கதான் காசு குடுக்கணும்."

"அதான் நான் பள்ளத்தப் பாக்குறதே இல்ல. நேரா விட்டுடுவேன்."

கட்டணம் பற்றிய தகராறுகளைத் தீர்க்க நிர்வாகம் 'குறைதீர் அமர்வு' வைத்திருந்தது. குறை உள்ளவர்களை வரிசையாக உட்காரவைத்து, அவர்கள் குறை எப்படி அவர்களுடைய குற்றம் என்று பொறுமையாக விளக்கிச் சொல்லும் மனிதாபிமான ஏற்பாடு அது. அக்கா இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு போனாள்.

அலுவலகம் பளபளவென்று இருந்தது. 'உங்கள் வீடு, எங்கள் பெருமை' என்று சுவரில் எழுதியிருந்தது. கூட்ட அறையில் அக்கா ஒரு நாற்காலியை இழுத்தாள். குறிப்பெழுதும் பெண் பாய்ந்து வந்தாள்.

"அக்கா, அங்க வேணாம். இப்படி உக்காருங்க."

"ஏம்மா?"

"சும்மாதான்க்கா."

நாற்காலிக்குப் பக்கத்தில் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் செடி நின்றது. தொட்டி நிறையத் தண்ணீர்.

"பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நாங்க ஊத்தலக்கா," என்று கிசுகிசுத்தாள். "இந்த ஆபீசும் வாடகைதான். எங்களுக்கு மேல பெரிய நிர்வாகம் ஒண்ணு இருக்கு. முதல்ல சொன்னவங்களுக்குத்தான் செலவுன்னு அவங்க அக்ரிமென்ட்டுல இருக்குறதைப் பாத்துதான் எங்க சார் உங்க சட்டத்தையே எழுதினாரு."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். பழுப்பாக ஒரு வட்டம். பழகிய முகம் மாதிரி இருந்தது.

மேலாளர் வந்தார். மேல்மாடிச் சாட்சி என்ற முறையில் கமுக்கமும் வரவழைக்கப்பட்டிருந்தார். மேலாளர் அந்த வட்டத்தின் மறு ஓரத்துக்குக் கீழே தன் இடத்தில் அமர்ந்து தொண்டையைச் செருமினார்.

"நிர்வாகம் எப்பவும் குடியிருப்போர் பக்கம்தான். அதை முதல்ல பதிவு பண்ணிக்குங்க."

அவர் வழுக்கையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அவர் அசையவில்லை. கைக்குட்டையை எடுத்து ஒற்றிக்கொண்டார்.

"என்ன சார், தலையில?" என்றாள் அக்கா.

"வேர்வை."

"ஏசியில எனக்குப் பல்லு நடுங்குது சார்."

"பொறுப்பான வேலைம்மா. உள்ளுக்குள்ள சூடு." அடுத்த துளி கண்ணாடியில் விழுந்தது. அதன் வழியாகவே கமுக்கத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உங்க குளியலறையில கசிவு உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

"பாத்தீங்களாம்மா? மேல இல்லாத கசிவு கீழ இருக்குன்னா, அது உங்க வீட்டுலயே உற்பத்தி ஆகுதுன்னுதானே அர்த்தம்?"

"தண்ணி உற்பத்தி பண்ணத் தெரிஞ்சா நான் ஏன் சார் ஜிப்பு மாத்திக்கிட்டிருக்கேன்?"

மேலாளர் எழுந்து நின்றார். நிர்வாகக் கொள்கை, பகிரப்பட்ட பொறுப்பு, சுவர்களின் உணர்வுகள் என்று அவர் குரல் உயர உயரத் துளிகளும் வேகம் பிடித்தன. சட்டைக் காலர் நனைந்தது. கோப்பில் மை கரைந்து ஓடியது. அறையில் இருந்த எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒருவர்கூட எதையும் பார்க்கவில்லை. நாகரிகத்தின் உச்சம் என்று ஒன்று இருந்தால் அந்த அறைதான் அது.

"கடைசியா சொல்றேன்," என்று மேலாளர் மேசையைத் தட்டினார். "ஒழுகுதுன்னு வாய் திறந்தவங்கதான்..."

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைக் கட்டி, பின்னாலேயே ஒரு வாளித் தண்ணீருடன், அவர் தோளில் இறங்கியது.

"ஐயோ! கூரை ஒழுகுது!" என்று அலறினார் மேலாளர்.

சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

குறிப்பெழுதும் பெண் பேனாவைத் தூக்கினாள். "சார், நீங்க சொன்னதைப் பதிவு பண்ணட்டுமா?"

"நான் என்ன சொன்னேன்?"

"கூரை ஒழுகுதுன்னு சொன்னீங்க சார். பேசுறது ஒரு எழுத்து விடாம எழுதணும், காப்பி பெரிய நிர்வாகத்துக்குப் போகணும்னு நீங்கதான்..."

மேலாளரின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ கசிந்து போயிற்று. தன் கோட்பாடு தன்னையே தேடி வந்து கதவைத் தட்டும்போது பெரிய மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அவர் அன்று காட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்க யாராவது... எதையாவது... பாத்தீங்களா?"

"எனக்குப் பார்வை கொஞ்சம் மந்தம்," என்றார் கமுக்கம் உடனே.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மேலாளர் தோளிலிருந்து ஒரு துண்டுக் காரையை எடுத்து, நூல் பிசிறைத் தட்டுவது மாதிரி தட்டிவிட்டாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல சார். காலையிலேர்ந்து இந்த பில்லு ஒண்ணுதான் கண்ணை மறைக்குது. அது போயிடுச்சுன்னா எல்லாம் பளிச்சுன்னு மறந்துடும்."

பேரம் பேச வேண்டியே இருக்கவில்லை. அங்கேயே தீர்ப்பு எழுதப்பட்டது: இரண்டாம் மாடியில் ஒழுகல் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, இல்லாத பழுதுக்குச் செலவு கிடையாது, எனவே பில் ரத்து. ஒழுகாத வீட்டில் புனலுக்கு வேலை இல்லை என்பதால் அதை உடனே கழற்றிவிட வேண்டும். மேலாளர் கையெழுத்துப் போட்டார். அக்காவும் போட்டாள். 'அமர்வு உலர்ந்த சூழலில் இனிதே நிறைவடைந்தது' என்று பெண் குறிப்பை முடித்து, தாளை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது கமுக்கம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகவே பேசினார். "நீங்களும் கத்துக்கிட்டீங்களேம்மா."

அக்கா வெற்றி வீராங்கனையாக வீட்டுக்கு வந்தாள். நிர்வாகத்தையே மண்டியிட வைத்தவள் என்று தெருவில் பேர் பரவியது. வேண்டுமென்றே ஜிப்பைப் பிய்த்துக்கொண்டு கதை கேட்க வந்தவர்களும் உண்டு. புனலைக் கழற்றி மடித்துப் பரண்மேல் போட்டாள். மெஷினை நகர்த்த வேறு இடமில்லை; அது இருந்த இடத்திலேயே இருந்தது.

சாயங்காலம் டிப்போவிலிருந்து வந்த புருஷன் அவளை நின்று பார்த்தான்.

"என்ன, கழுத்து முதுகெல்லாம் ஈரமா இருக்கு?"

அக்கா அண்ணாந்து பார்க்கவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள்:

"வேர்வை."

குழாயை இன்றுவரை யாரும் அடைக்கவில்லை.